காட்டு இஞ்சி: சோதனைக் குழாய் சொல்வதும் உடல் கேட்பதும்

பூன் லே பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கி 179, 199ஆம் எண் பேருந்துகளுக்காக வரிசையில் நிற்கும் பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கு, அந்த இடப்பெயர் ஒரு மனிதரின் பெயர் என்பது தெரிந்திருக்காது. சியூ பூன் லே (1852-1933) என்ற வணிகர் ஜூரோங் வட்டாரத்தில் பெருமளவு நிலம் வைத்திருந்தார். வீவக அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளும் வருவதற்கு முன்னர் அந்த மண்ணில் கேம்பியர், மிளகு, ரப்பர் ஆகியவை பயிராயின.

ரப்பரும் மிளகும் நமக்குத் தெரியும். அது என்ன கேம்பியர்? நம் தாத்தா பாட்டிமாருக்கு அது ‘கத்தக்காம்பு’. கேம்பியர் செடியின் இலைகளைக் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டவைத்து, கட்டியாக்கி எடுப்பார்கள். வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் அது பயன்பட்டது. நாக்கைச் சுருட்டும் அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது ‘கேட்டசின்’. இன்று பச்சைத் தேநீர்ப் போத்தல்களில் பெருமையோடு அச்சிடப்படும் அதே கேட்டசின்தான்! ஆக, ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல் பேரங்காடி அலமாரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பூன் லே மண் அதை மூட்டை மூட்டையாக விளைவித்திருக்கிறது.

இப்போது அந்தப் புகழ் இஞ்சிக் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. ‘காட்டு இஞ்சியில் ஆன்டிஆக்சிடன்ட் ஏராளம்’, ‘இஞ்சி இலைத் தேநீர் நோய்களை விரட்டும்’ போன்ற செய்திகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றன. இவற்றில் எது ஆய்வு, எது ஆசை? மூலக்கூறு உயிரியல் படிக்கும் மாணவியாக இந்தக் கேள்வியை நான் பின்தொடர்ந்தபோது, விடை நம் வட்டாரத்துக்கு மிக அருகிலேயே இருப்பதைக் கண்டேன்.

சமையலறையில் ஒரு பெரிய குடும்பம்

இஞ்சிக் குடும்பத்தில் ஏறக்குறைய 50 பேரினங்களும் 1,600 இனங்களும் உள்ளன. அதன் உறுப்பினர்கள் பலர் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறார்கள். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் மூன்றும் உறவினர்கள். சளிக்குப் பாட்டி தேடும் சித்தரத்தை, ஊறுகாய்க்கு உதவும் மா இஞ்சி, முகத்தில் பூசும் கஸ்தூரி மஞ்சள் எல்லாம் அதே குடும்பம். மலாய்ச் சமையலில் வரும் லெங்குவாஸ், குன்யிட், செக்கூர் ஆகியவையும் அப்படித்தான். ரோஜாக்கிலும் அசாம் லக்சாவிலும் பொடியாக நறுக்கித் தூவப்படும் இளஞ்சிவப்பு மொட்டு, ‘புங்கா கந்தான்’, இந்தக் குடும்பத்தின் அழகி. விரிந்தால் தீப்பந்தம் போலிருக்கும். அதன் அறிவியல் பெயர் எட்லிங்கேரா எலாட்டியர்.

நாம் தினமும் தட்டிப் போடும் இஞ்சி காட்டில் தானாக வளர்வதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். மனிதர் பல நூறு தலைமுறைகளாக வளர்த்துவந்த பயிராக மட்டுமே அது அறியப்படுகிறது. ‘காட்டு இஞ்சி’ என்று தமிழில் சொல்லும்போது பெரும்பாலும் குறிப்பது வேறோர் இனத்தை. அறிவியலில் அது சிஞ்ஜிபர் செரும்பெட், மலாயில் லெம்போயாங். சிவந்த கூம்பு போன்ற அதன் பூங்கொத்தைப் பிழிந்தால் வழவழப்பான நீர் சுரக்கும். ஹவாய்த் தீவுகளில் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம்.

இந்தச் செடிகளைப் பெயரிட்டு வகைப்படுத்துவதில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை பணியாற்றிய ஹென்றி ரிட்லியை ரப்பருக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மலாயாத் தீபகற்பத்தின் இஞ்சி இனங்களைப் பற்றி 1899ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியவரும் அவர்தான். அவருக்குப் பின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம் 1950ல் வெளியிட்ட இஞ்சிக் குடும்ப ஆய்வு இன்றும் துறையினரின் கையேடு. 2003ல் பூமலையில் திறக்கப்பட்ட ஒரு ஹெக்டர் இஞ்சித் தோட்டத்தில் இந்தக் குடும்பத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான வகைகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கண்டுபிடிப்புகள் இன்னும் முடியவில்லை. 2014ஆம் ஆண்டு பூமலையின் ஆய்வாளர்கள், உலகில் சிங்கப்பூரில் மட்டும் வளரும் ஒரு காட்டு இஞ்சியைப் புதிய இனமாக அறிவித்தார்கள். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சிஞ்ஜிபர் சிங்கபுரென்ஸ். நம் ஊரின் பெயரைத் தாங்கிய இஞ்சி!

துரு, வெட்டிய ஆப்பிள், இலை

ஆன்டிஆக்சிடன்ட் என்பதைத் தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். இரும்பு துருப்பிடிப்பதும் வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதும் ஆக்சிஜனேற்றத்தால்தான். நம் உயிரணுக்கள் உணவை எரித்துச் சக்தியாக்கும்போது ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் தனி உறுப்புகள் உருவாகின்றன. இவற்றில் ஓர் எலெக்ட்ரான் இணையின்றித் தனித்திருக்கும். அது இணை தேடிப் பக்கத்து மூலக்கூறிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்த மூலக்கூறு அடுத்ததிடம் பறிக்கும். இந்தச் சங்கிலி நீண்டால் கொழுப்பும் புரதமும் மரபணுவும் சேதமடையலாம். தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, தானும் நிலைகுலையாமல் சங்கிலியை அறுத்துவிடும் பொருளே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்.

செடி எதற்காக இதைத் தயாரிக்கிறது? நமக்காக அல்ல. இலை வெயிலில் நின்று உணவு சமைக்கிறது. தேவைக்கு மேல் ஒளி விழும்போது, பச்சையத்தைச் சுற்றி ஆபத்தான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. ஓடி ஒளிய முடியாத செடி வேதிப்பொருள்களால் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஃபீனால் வகைச் சேர்மங்கள் பல அந்தக் காவல் படையைச் சேர்ந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு கேள்வி எழும். இஞ்சி என்றதும் நாம் கிழங்கைத் தோண்டுகிறோமே, வெயிலில் நிற்கும் இலையை ஏன் பார்ப்பதில்லை?

ஊதா நிறம் மஞ்சளாகும் சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதை டிபிபிஹெச் சோதனை என்பார்கள். 1958ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் என்ற அறிவியலாளர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முறை இது. டிபிபிஹெச் என்பது ஆழ்ந்த ஊதா நிறத் தனி உறுப்பு. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலந்த சாற்றை அதில் சேர்த்தால், ஊதா மெல்ல மறைந்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளந்தால், சாற்றின் வலிமையை எண்ணாகச் சொல்லிவிடலாம். ஊதா நிறத்தில் பாதியை நீக்க எவ்வளவு சாறு தேவை என்பதே வழக்கமான அளவுகோல். குறைந்த சாறு போதுமென்றால் அது வலிமையான சாறு. பல பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் அறிவியல் திட்டப்பணிகளுக்கு மாணவர்கள் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கண் முன்னால் நிறம் மாறுவதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

நம் அண்டை நாடான மலேசியாவில், மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சன்வே வளாகத்தைச் சேர்ந்த எரிக் சான், லிம் யாவ் யான் ஆகியோரின் குழு இத்தகைய சோதனைகளை இஞ்சிக் குடும்பத்தில் முறையாகச் செய்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் ‘ஃபுட் கெமிஸ்ட்ரி’ ஆய்விதழில் முடிவுகள் வெளிவந்தன. இரண்டாவது ஆய்வில் 26 இஞ்சி இனங்களின் இலைகள் ஒப்பிடப்பட்டன. சிலவற்றின் கிழங்குகளும் இலைகளும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டன. பல இனங்களில் இலையே கிழங்கை வென்றது. எல்லாவற்றிலும் முன்னணியில் நின்றவை எட்லிங்கேரா இன இலைகள். அவற்றிலும் உச்சத்தில் இருந்தது, ரோஜாக்கில் பூவை மட்டும் நாம் சாப்பிடும் அந்தப் புங்கா கந்தானின் இலை.

மேட்டு நிலத்தில் வளர்ந்த செடிகளின் இலைகள், தாழ்நிலச் செடிகளின் இலைகளைவிடப் பெரும்பாலும் வலிமையாக இருந்ததையும் அக்குழு கண்டது. சூழல் கடுமையாகும்போது செடியின் காவல் படையும் பெருகுகிறது என்ற விளக்கத்தோடு இது பொருந்துகிறது. ஒரே இனம், ஒரே பெயர். வளர்ந்த இடம் வேறானால் எண்ணும் வேறாகிறது. ‘இந்தச் செடியில் இத்தனை ஆன்டிஆக்சிடன்ட்’ என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால், எங்கே வளர்ந்தது, எந்தப் பகுதி என்றும் கேட்க வேண்டும்.

கந்தான் இலையில் இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தபோது கிடைத்த முக்கியச் சேர்மங்களில் ஒன்று குளோரோஜெனிக் அமிலம். இது அரிய பொருளன்று. காப்பிக் கொட்டையில் நிறையவே உண்டு. காலையில் ‘கோப்பி ஓ’ குடிக்கும் எவரும் அதை ஏற்கெனவே உட்கொள்கிறார். காட்டுச் செடி என்றதும் மனத்தில் எழும் மர்மம், வேதியியல் கூடத்தில் பெரும்பாலும் இப்படிப் பழகிய முகமாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், லெம்போயாங் கிழங்கின் புகழ்பெற்ற சேர்மமான செரும்போன், ஃபீனால் வகையைச் சேர்ந்ததே அன்று. ஆய்வுக்கூட உயிரணுக்களில் அதன் விளைவுகளை ஆராயும் கட்டுரைகள் ஏராளம். அவற்றையெல்லாம் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது வேதியியலுக்கு ஒவ்வாது.

சுக்கு ஏன் இஞ்சியன்று?

‘வெந்து கெட்டது’, ‘வேகாமல் கெட்டது’ என்று சமையலில் நாம் பிரித்துப் பேசுவோம். மூலிகையிலும் அந்தக் கணக்கு உண்டு. இலையைப் பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பண்பு மாறுகிறது. எரிக் சான் குழு 2009ல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணலை அடுப்பிலும் வெப்ப அடுப்பிலும் வெயிலிலும் உலர்த்திய இஞ்சி இன இலைகள் தம் ஆற்றலைப் பெருமளவு இழந்தன. உறையவைத்து உலர்த்தும் முறையில் கந்தான் இலையின் அளவீடு கூடியது. அந்த இயந்திரம் நம் சமையலறையில் இருக்காது.

கிழங்கின் கதை வேறு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயவைக்கும்போது அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு விலகி, ஷோகாவோல் என்ற சேர்மமாகிறது. ஷோகாவோல் இன்னும் காரமானது. ஆய்வுக்கூட ஒப்பீடுகளில் அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலும் அதிகம். இஞ்சியையும் சுக்கையும் சித்த மருத்துவம் இருவேறு சரக்குகளாகக் கருதி, திரிகடுகத்தில் மிளகு, திப்பிலியோடு சுக்கைச் சேர்த்ததை நாம் அறிவோம். மூலக்கூற்றின் பெயர் தெரியாத காலத்திலும் நாக்கும் அனுபவமும் அந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பச்சை இஞ்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். 100 கிராம் இஞ்சியையும் 100 கிராம் சுக்கையும் நேருக்கு நேர் வைத்து, ‘சுக்கில் பல மடங்கு சத்து’ என்று வரும் செய்திகளில் பாதி, நீர் போனதன் கணக்குதான்.

பாட்டியின் கேள்வி

பூன் லேயில் வசிக்கும் என் பாட்டிக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் காணொளியை என்னிடம் காட்டினார்.

“ஏம்மா, இந்தக் காட்டு இஞ்சி சர்க்கரைக்கு ரொம்ப நல்லதாமே? மாத்திரைய விட்டுட்டு இதைக் குடிச்சுப் பாக்கட்டுமா?”

“மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க பாட்டி. இஞ்சிய ரசத்துல போட்டுக்குங்க, துவையல் அரைச்சுக்குங்க. அதுக்கு மேல எதுன்னாலும் மொதல்ல டாக்டர்கிட்ட கேட்டுடுவோம்.”

“அப்ப இந்த வீடியோல சொல்றதெல்லாம் பொய்யா?”

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. காணொளி மேற்கோள் காட்டிய நிறமாற்றச் சோதனை உண்மையானதுதான். ஆனால் சோதனைக் குழாய்க்கும் பாட்டியின் உடலுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் காணொளி ஒரே வரியில் தாண்டிவிட்டது.

முதலாவது, சாறு எடுக்கும் முறை. மேற்சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் மெத்தனால் கொண்டு இலைச் சாறு எடுத்தார்கள். மெத்தனால் நச்சு, அதை யாரும் குடிப்பதில்லை. நாம் வெந்நீரில் போட்டுக் குடிக்கும் தேநீரில் இறங்கும் சேர்மங்களின் அளவு வேறு.

இரண்டாவது, குடல். மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்குச் சிறந்த பாடம். குழாயில் பெயர் பெற்ற அது, உடலுக்குள் மிகக் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. பெங்களூரில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கிராம் குர்குமின் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது ஏறக்குறையத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உட்கிரகிப்பு 20 மடங்கு கூடியது. 2017ல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’ இதழ் வெளியிட்ட ஒரு மதிப்பாய்வு, குர்குமினை வைத்து 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், உறுதியான வெற்றி கிடைக்கவில்லை என்று முடித்தது. மஞ்சளைச் சமையலிலிருந்து நீக்க இது காரணமாகாது. மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்கக்கூடாது என்பதற்கு இது காரணம்.

மூன்றாவது, உடலுக்கும் தனி உறுப்புகள் தேவை. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் அவற்றைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. உடற்பயிற்சியின்போது உருவாகும் தனி உறுப்புகள், ‘உன்னைப் பலப்படுத்திக்கொள்’ என்று தசைக்குச் செய்தியும் அனுப்புகின்றன. 2009ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்தனர். வைட்டமின் சி, இ மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களுக்கு, இன்சுலின் செயல்பாட்டில் பயிற்சியால் கிடைக்க வேண்டிய நன்மை கிடைக்கவில்லை. தேசிய சேவைக்கு உடலைத் தயார்படுத்தும் அண்ணன் தம்பிமார் இதைக் கவனிக்கலாம்.

நல்லது என்று நினைத்தது கெட்டபோது

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மாத்திரைகளைப் பற்றி உலகம் மிகக் கசப்பாகக் கற்ற பாடம் ஃபின்லாந்திலிருந்து வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது கணக்கெடுப்புகளில் தெரிந்தது. அப்படியானால் அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் இது பரிசோதிக்கப்பட்டது. 1994ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதேபோன்ற இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. அதிலும் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியது தெரிந்து, 1996ல் மாத்திரைகளை நிறுத்தினார்கள்.

உணவில் இருந்தபோது தீங்கு செய்யாத ஒரு சேர்மம், பிரித்தெடுத்து அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தபோது தீங்கு செய்தது. அமுதமும் அளவு மீறினால் நஞ்சு என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த அளவீடுகள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுவதை அரசாங்க அமைப்புகளும் கவனித்தன. உணவுப்பொருள்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை எண்களாகப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012ல் அந்தப் பட்டியலையே தன் இணையத்தளத்திலிருந்து நீக்கியது. குழாயில் எடுத்த எண், மனித உடலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது என்பதே அதற்குக் காரணம்.

ஒரே பெயர், இரண்டு செடிகள்

‘காட்டு இஞ்சி’ விஷயத்தில் இதைவிடக் கொடிய ஆபத்து ஒன்று பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வைல்ட் ஜிஞ்சர்’ என்று தேடினால் முதலில் வரக்கூடியது வட அமெரிக்கக் காடுகளில் தரையோடு வளரும் அசாரம் என்ற செடி. அதன் வேரில் இஞ்சி மணம் வீசும். ஆனால் இஞ்சிக் குடும்பத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தைச் சிதைக்கும்; புற்றுநோயையும் உண்டாக்கும். அந்த அமிலம் கொண்ட தாவரங்கள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001ல் எச்சரிக்கை விடுத்தது.

இது ஏட்டளவு ஆபத்தில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில், உடல் இளைக்கும் சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்ட மூலிகைக் கலவையில் தவறுதலாக இந்த அமிலம் கொண்ட செடி சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. மாறிப்போனது ஒரு செடியின் அடையாளம் மட்டுமே. 2017ல் சிங்கப்பூர், தைவான் ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வில், தைவானைச் சேர்ந்த 98 கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் 78 விழுக்காட்டில் இந்த அமிலம் விட்டுச்சென்ற மரபணுத் தழும்புகள் காணப்பட்டன. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் மருந்துப் பொருள்களில் இந்த அமிலத்தைத் தடைசெய்திருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வரவழைக்கும்போது அந்தப் பாதுகாப்பு நம்மோடு வருமா என்பது சந்தேகமே.

ஆகவே இணையத்தில் ஒரு செடியைப் பற்றிப் படிக்கும்போது, வழக்குப் பெயரோடு நிற்காமல் அறிவியல் பெயரைப் பாருங்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்த இலத்தீன் பெயர்கள் ஒருவரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடும்.

பறிக்கும் முன்

‘இயற்கையாக வளர்ந்தது’ என்று கேட்டதும் புக்கிட் தீமா பக்கம் போய்ப் பறித்து வரலாமா என்று யாருக்காவது தோன்றலாம். பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்படி இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றிச் செடியைப் பறிப்பது குற்றம். சட்டத்தையும் தாண்டி வலுவான காரணம் இருக்கிறது. 1819க்குப் பிறகு சிங்கப்பூர் தன் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிட்டதாக 2003ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த இழப்பைத் தொடங்கிவைத்தவற்றில் கேம்பியர் தோட்டங்களும் அடங்கும். காட்டை வெட்டி நட்டார்கள். இலையைக் கொதிக்கவைக்க மேலும் விறகு வெட்டினார்கள். மண் சலித்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். துவர்ப்புப் பொருளுக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்பட்டபோது இந்தத் தீவு கொடுத்த விலை அது. ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற புதிய கிராக்கி, எஞ்சிய சில திட்டுக் காட்டில் நிற்கும் சிஞ்ஜிபர் சிங்கபுரென்ஸ் போன்றவற்றைத் தொட்டுவிடக்கூடாது.

பறிக்கத் தேவையும் இல்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால், இன்று வீவக பேட்டைகள் பலவற்றில் குடியிருப்பாளர்களே மஞ்சளும் லெங்குவாஸும் கந்தானும் வளர்க்கிறார்கள். பாட்டிமாரும் மக்சிக்மாரும் ஆண்டிமாரும் ஒரே பாத்தியைச் சுற்றி நின்று, ஒரே கிழங்குக்கு மூன்று மொழிகளில் பெயர் சொல்வதை அங்கே கேட்கலாம். தாவரவியல் வகுப்பு அதைவிட நன்றாக அமையாது.

திட்டப்பணி செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில யோசனைகள். சமூகத் தோட்டத்தில் அனுமதி கேட்டு, கழித்துக் கட்டும் கந்தான் இலையைப் பெற்றுக்கொள்ளுங்கள். செடியின் அடையாளத்தைப் பூ இருக்கும்போதே படமெடுத்து, தெரிந்தவரிடம் உறுதிசெய்யுங்கள். மெத்தனாலுக்குப் பதில் வெந்நீரில் சாறு எடுத்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மாற்றிப் பாருங்கள். ஒப்பீட்டுக்குச் சாதாரணத் தேநீரும் ஒரு கோப்பை கோப்பி ஓவும் வையுங்கள். ஒவ்வோர் அளவையும் மூன்று முறையாவது எடுங்கள். உலர்ந்த எடையில் கணக்கிடுங்கள். முடிவுரையில் ‘இந்தச் சாறு டிபிபிஹெச் நிறத்தை இவ்வளவு குறைத்தது’ என்று எழுதுங்கள். ‘நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுத அந்தச் சோதனை உங்களுக்கு உரிமை தராது.

வீட்டில் பெரியவர்கள் காணொளி காட்டும்போது சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்தச் சாறு, யாரிடம் சோதித்தார்கள் என்ற நான்கு கேள்விகளை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, நீரிழிவு மருந்து போன்றவற்றை எடுப்பவர்கள் மூலிகைப் பொடி எதையும் தொடங்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்ல வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

என் பாட்டி இப்போது மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். இஞ்சித் துவையலும் நடக்கிறது. அடுத்த முறை பூமலைக்குப் போகும்போது, ரோஜாக்கில் போடும் பூ செடியில் எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்லியிருக்கிறார்.